ஆறு விழுக்காட்டை எங்கே எழுதி வைத்தார்கள்?

2018 மே 16ஆம் தேதி மலேசிய நிதியமைச்சிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஜூன் முதல் தேதி தொடங்கி பொருள் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து சுழியத்துக்கு இறங்கும் என்றது அது. ஒரு வாரத்துக்கு முன்தான் பொதுத்தேர்தல் முடிந்து ஆட்சி மாறியிருந்தது. அந்த வரியைக் கொண்டுவந்தபோது 2013 அக்டோபரிலேயே சொல்லிவிட்டு, 2015 ஏப்ரலில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எடுக்கும்போது கிடைத்தது இரண்டு வாரம்.

வாங்குகிறவர்களுக்கு அது நல்ல சேதி. கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்த இரண்டு வாரமும் தூக்கமில்லாத காலம். ஆண்டு விற்பனை 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய கடைகள் எல்லாம் அந்த வரிக்குப் பதிந்திருந்தன. அவற்றின் கணினிகளில் 6 என்ற எண் எங்கே இருந்தது? ஒழுங்காக எழுதிய மென்பொருளில் ஒரே இடத்தில், வரி விகிதம் என்ற பெயரோடு இருக்கும். அவசரத்தில் எழுதியதில் ரசீது அச்சிடும் பகுதியில் ஒன்று, கடன் விற்பனைக்கு ஒன்று, திரும்பி வரும் சரக்குக்கு ஒன்று, மாத அறிக்கையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். அதிலும் ஓரிடத்தில் 6, இன்னோரிடத்தில் 0.06, வரி சேர்ந்த விலையைப் பிரிக்கும் இடத்தில் 1.06. தேடிப் பிடிக்கலாம் என்று 6ஐத் தேடினால், கடையின் தொலைபேசி எண் உட்பட எல்லாம் வந்து நிற்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜூன் மாதம் வரி ஒழியவில்லை, விகிதம்தான் சுழியமானது. சட்டம் செப்டம்பர் வரை இருந்தது, ரசீதில் வரி வரிசையும் இருந்தாக வேண்டும். ஆகவே வரியைக் கணக்கிடும் பகுதியையே அழித்தவர்கள் தவறு செய்தார்கள். ஒரே இடத்தில் இருந்த ஒரே எண்ணை 6இலிருந்து 0 ஆக்கியவர்களுக்கு அது அரை நாள் வேலை. செப்டம்பர் 1ஆம் தேதி விற்பனை வரியும் சேவை வரியும் திரும்ப வந்தன. 2024 மார்ச் 1ஆம் தேதி சேவை வரி 8 விழுக்காடானது. ஆனால் உணவும் பானமும், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், சரக்குப் போக்குவரத்து ஆகியவை 6இலேயே நின்றன. அதாவது, ஒரே இடத்தில் ஒரே எண் என்பதும் போதாமல் போனது. பொதுவாக 8, பெயர் சொல்லப்பட்ட சிலவற்றுக்கு மட்டும் 6 என்று எழுதத் தெரிய வேண்டும்.

கணினிகளைப் பராமரிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் அரசாங்கம் மாறும்போது மட்டும் வருவதில்லை, தினமும் வருகிறது.

பேராக்கில் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் ஈப்போவில். சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் பக்கம் முன்பு ரப்பர் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஒவ்வொன்றிலும் ஓர் அலுவலகம், நான்கைந்து கணினி. அத்தனையையும் ஈப்போவில் உட்கார்ந்தபடி ஒருவரோ இருவரோ பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய பயனர் கணக்குத் திறப்பது, இரவில் பேக்கப் எடுப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது, மாதக் கடைசியில் பட்டியல் எடுப்பது எல்லாவற்றுக்கும் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பார்கள். ஸ்கிரிப்ட் என்பது வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு. ஒவ்வொரு கட்டளையும் வேலை செய்ய நம்மிடம் சில விவரம் கேட்கும்: எந்தக் கோப்பு, எங்கே வைக்க, எந்த நேரம், எந்த எழுத்துக் குறிமுறை. இவற்றை அளவுரு என்கிறோம். நாம் சொல்லாமல் விட்ட அளவுருவைக் கணினி தானே ஒரு மதிப்பால் நிரப்பிக்கொள்கிறதே, அது இயல்பு மதிப்பு.

தானே நிரப்பிக்கொள்கிறது என்பது பேச்சுக்குத்தான். அந்த மதிப்பை யாரோ ஒருவர், எங்கோ ஓர் அலுவலகத்தில், என்றோ ஒருநாள் முடிவுசெய்திருக்கிறார். அவர் ஈப்போவை நினைத்து முடிவுசெய்யவில்லை.

விண்டோஸோடு கூடவே வரும் பவர்ஷெல் 5.1இல் ஒரு பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எழுதும் கட்டளை இருக்கிறது. குறிமுறை எது என்று நாம் சொல்லாவிட்டால் அது ஆஸ்கி என்று எடுத்துக்கொள்ளும். ஆஸ்கியில் மொத்தமே 128 இடங்கள்; ஆங்கில எழுத்து, எண், சில குறிகள், அவ்வளவுதான். அதில் 'ஈப்போ' என்று எழுதச் சொன்னால் ஐந்து கேள்விக்குறிகள் விழும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஈ, ப, புள்ளி, ப, ஓகாரக் குறி என்று ஐந்து குறியெண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பு உருவாகும், வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஸ்கிரிப்ட் வெற்றி என்று முடியும். ஒரு தமிழ்ப்பள்ளியின் மாணவர் பட்டியலை இப்படி எழுதி, மூலத்தையும் அழித்துவிட்டால் மீட்க வழியே இல்லை. கேள்விக்குறியிலிருந்து எந்த எழுத்து போனது என்று கண்டுபிடிக்க முடியாது. தவறான குறிமுறையில் திறந்ததால் கோணல்மாணலாகத் தெரியும் எழுத்தையாவது சரிப்படுத்தலாம், இது அப்படிப்பட்டதல்ல.

சரி, யூனிகோடு முழுவதையும் எழுதவல்ல யூடிஎஃப்-8 என்ற குறிமுறையைக் கட்டளையிலேயே சொல்லிவிட்டால் போயிற்று. ஒரு ஸ்கிரிப்டில் சொல்லலாம். முப்பது ஸ்கிரிப்டில், ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் சொல்ல வேண்டுமென்றால் ஓரிடத்தில் மறந்துபோவது உறுதி. 2012இல் வந்த பவர்ஷெல் 3.0 இதற்கு ஒரு வழி செய்தது. எந்தக் கட்டளையின் எந்த அளவுருவுக்கு என்ன இயல்பு மதிப்பு என்று நாமே ஒரு பட்டியல் எழுதி வைக்கலாம். கட்டளையின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அளவுருவின் பெயர், அதற்கு எதிரே மதிப்பு. நட்சத்திரக் குறி போட்டு ஒரே வரியில் பல கட்டளைகளையும் பிடிக்கலாம். அதன்பின் எங்கே சொல்லாமல் விட்டாலும் மைக்ரோசாஃப்டில் இருந்தவர் வைத்த மதிப்பு போய் நாம் வைத்த மதிப்பு வரும். ஓரிடத்தில் வேறு மதிப்பை வெளிப்படையாகச் சொன்னால் சொன்னதுதான் செல்லும். இதைத்தான் பகிர்ந்த இயல்பு மதிப்பு என்கிறோம்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று. அந்தப் பட்டியலைத் தம் சொந்தக் கணக்கின் தொடக்கக் கோப்பில் எழுதிவிடுவார்கள். அவர் கையால் ஓட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும். இரவு 2 மணிக்குத் தானியங்கியாக ஓடும்போது வேறொரு கணக்கின் கீழ் ஓடும். அந்தக் கணக்குக்கு இந்தத் தொடக்கக் கோப்பே தெரியாது. காலையில் கேள்விக்குறிகள். "நேற்று நான் ஓட்டியபோது நன்றாகத்தானே இருந்தது" என்ற வாக்கியம் நம் துறையில் பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான். பகிர்ந்த மதிப்பு ஸ்கிரிப்டோடு சேர்ந்தே பயணப்பட வேண்டும். ஒருவருடைய மேசையில் இருப்பது பழக்கம் மட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூடிஎஃப்-8லேயே இரண்டு வகை எழுதலாம். கோப்பின் தலையில் ஓர் அடையாளக் குறியோடும், குறியில்லாமலும். லினக்ஸ் சர்வருக்கு அனுப்பும் கோப்பில் குறி இல்லாமலிருப்பது நல்லது. எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறக்கப் போகிறவருக்கு அனுப்பினால் குறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் சிதைந்துதான் தெரியும். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே மதிப்பு என்று ஒன்றைத் தேடிப் போனால் கிடைக்காது. தேட வேண்டியது, எந்த மதிப்பு எந்த மட்டத்தில் முடிவாக வேண்டும் என்பதை.

மட்டம் என்றதும் மலேசியாவில் இருப்பவருக்கு விடுமுறைப் பட்டியல் நினைவுக்கு வர வேண்டும். வார இறுதி எது? சனி, ஞாயிறு என்று மத்தியில் சொல்வோம். கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளி, சனி. ஜொகூர் 2014இல் வெள்ளி, சனிக்கு மாறி, 2025 ஜனவரி 1ஆம் தேதி மறுபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. தீபாவளி சரவாக் தவிர எல்லா மாநிலத்திலும் விடுமுறை. தைப்பூசம் நாடு தழுவிய விடுமுறை இல்லை, பேராக்கில் உண்டு. ஈப்போவில் கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் போகும் நாளில் அலுவலகம் மூடியிருக்கும், கிளந்தானில் திறந்திருக்கும். பேராக் சுல்தானின் பிறந்தநாள் விடுமுறை நவம்பர் மாதத்து முதல் வெள்ளி. அது பேராக்குக்கு மட்டும்.

நம் நிறுவனத்துக்கு மற்ற மாநிலங்களிலும் கிளை இருந்தால், சர்வர்களை எப்போது நிறுத்திப் புதுப்பிக்கலாம், பெரிய பேக்கப்பை எந்த நாளில் ஓட்டலாம் என்று முடிவுசெய்யும் ஸ்கிரிப்டுக்கு இது அத்தனையும் தெரிய வேண்டும். பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் போன்ற கருவிகள் இதற்கென்றே அடுக்கடுக்காக மதிப்பு வைக்க இடம் தருகின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான கோப்பு ஒன்று, மாநிலக் குழுவுக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று, தனிக் கணினிக்கு ஒன்று. கீழே வரவர மேலே சொன்னதை மாற்றலாம். வார இறுதி சனி, ஞாயிறு என்பது பொதுக் கோப்பில் ஒரு தடவை. கெடா குழுவின் கோப்பில் வெள்ளி, சனி என்று ஒரு தடவை. பேராக் கோப்பில் வார இறுதியைப் பற்றி ஒன்றுமே இருக்கக் கூடாது. மேலே சொன்னதையே இங்கேயும் எழுதி வைத்தால், மேலே மாற்றும்போது இது மாறாமல் பழைய மதிப்பிலேயே நிற்கும். அடுக்குகளை ஏற்படுத்திவிட்டு எல்லா அடுக்கிலும் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் நல்ல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது 6 விழுக்காட்டை நான்கு இடத்தில் எழுதியதற்கு ஒப்பானது, கொஞ்சம் அழகாக அடுக்கப்பட்டது என்பது தவிர.

எந்த மதிப்பை எந்த அடுக்கில் வைப்பது? என் விடை இது: அந்த விஷயத்தை முடிவுசெய்ய உரிமை உள்ளவர் எந்த மட்டத்தில் இருக்கிறாரோ அங்கே. சேவை வரி விகிதத்தை மத்திய அரசு முடிவுசெய்கிறது. அது பொதுக் கோப்பில். பொது வார இறுதியிலிருந்து விலகுவதா என்பதை மாநிலம் முடிவுசெய்கிறது. விலகினால் அது மாநிலக் கோப்பில். கிளையில் எந்தப் பிரிண்டர் என்பதைக் கிளையில் இருப்பவர் முடிவுசெய்யட்டும். எத்தனை கணினிக்கு அந்த மதிப்பு பொருந்துகிறது என்று எண்ணிப் பார்த்து அடுக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. இன்று எல்லாக் கிளையிலும் ஒரே வகைப் பிரிண்டர் இருப்பதால் அதைப் பொதுக் கோப்பில் போட்டுவிடுவார்கள். நாளைக்கே தாப்பாவில் வேறு வாங்குவார்கள்.

ரப்பர்த் தோட்டத்தில் இந்த ஒழுங்கு கணினிக்கு முன்பே இருந்தது. மலாயாவில் அந்தப் பயிர் வேர்விட்டதே பேராக்கில்தான் என்று சொல்லலாம். 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. பால்வெட்டு முறைகளை எழுத ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு குறியீடு உண்டு. எஸ் என்றால் மரத்தைச் சுற்றும் சுருள் வெட்டு. அரை எஸ் என்றால் பாதிச் சுற்று. டி என்றால் நாள். டி/2 என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை, டி/3 என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை. ஊக்க மருந்து பூசினால் அதன் செறிவும், ஆண்டுக்கு எத்தனை முறை என்பதும் பின்னால் சேரும். ஒரு வரியில் ஒரு தோட்டத்தின் முழு வெட்டு முறையும் அடங்கிவிடும். அளவுருக்களின் பட்டியல் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயரில்லை.

அரைச் சுருள், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது நெடுங்காலம் பொது முறையாக இருந்தது. ஒட்டு மரமானால் வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழாக ஏறக்குறைய 30 பாகைச் சரிவு. பால் குழாய்கள் பட்டைக்குள் நேராக மேலே போவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அந்தத் திசையில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். இதெல்லாம் ஆராய்ச்சிக் கழகத்தின் மட்டத்தில் முடிவானவை. எந்த நிரையை இந்த ஆண்டு புதிதாகத் திறப்பது, எதில் ஊக்க மருந்து பூசுவது என்பது தோட்டத்துத் துரையின் மட்டம். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் இன்று வெட்டு இல்லை என்பது விடியுமுன் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்தில் முடிவாகும். ஒரு மரத்தின் பட்டையில் எவ்வளவு ஆழத்துக்கு உளி போகலாம், எந்த இடத்தில் முடிச்சு இருக்கிறது என்பது வெட்டுகிறவரின் கைக்குத்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினாலும் உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்பட்டு, பட்டை மேடு பள்ளமாகத்தான் திரும்ப வளரும். அதைச் சுற்றறிக்கையில் எழுத முடியாது. லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் படிவரிசை கசப்பான நினைவாகவும் இருக்கலாம். கீழே இருப்பவர் மாற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட்டவை மிகக் குறைவு, கூலியில் ஒன்றுமே இல்லை. அது அதிகாரத்தின் கோளாறு. மழையை அறிவிக்கும் உரிமையைத் தலைநகரில் வைக்காமல் தோட்டத்தில் வைத்தது சரியான வடிவமைப்பு.

மறுபடி கணினிக்கு வருவோம். அடுக்குகளில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன, இரண்டும் ஆன்சிபிளில் பலரைக் கடித்தவை.

முதலாவது, ஒரே மட்டத்தில் இருக்கும் இரண்டு குழுக்கள். ஒரு கணினி 'ஈப்போ' என்ற குழுவிலும் இருக்கிறது, 'பள்ளி' என்ற குழுவிலும் இருக்கிறது. இரண்டு குழுவும் ஒரே அளவுருவுக்கு வெவ்வேறு மதிப்பு சொல்கின்றன. எது வெல்லும்? நாம் முன்னுரிமை எதுவும் குறிப்பிடாவிட்டால், ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையில் பின்னால் வருவது வெல்லும். குழுவுக்கு வேறு பெயர் சூட்டினாலே கணினிகளின் நடத்தை மாறிவிடும் என்று பொருள். இப்படி ஒரு விதி இருப்பதைப் பெரும்பாலோர் தெரிந்துகொள்வது ஏதாவது உடைந்த பிறகுதான்.

இரண்டாவது, கட்டாக இருக்கும் மதிப்புகள். நேரம் தொடர்பானவை என்று பொதுக் கோப்பில் ஒரு கட்டு வைத்திருக்கிறோம்: நேர மண்டலம், நேரம் கேட்கும் சர்வர், எத்தனை மணிக்கு ஒருமுறை சரிபார்ப்பது. பேராக் கோப்பில் சர்வரை மட்டும் மாற்ற விரும்பி, அதே பெயரில் ஒரு கட்டு எழுதி அதில் சர்வரை மட்டும் போடுகிறோம். மற்ற இரண்டும் மேலிருந்து வந்து சேரும் என்று எதிர்பார்ப்போம். வராது. ஆன்சிபிள் கட்டுகளை ஒன்றோடொன்று கலக்காது. கீழே இருக்கும் கட்டு மேலே இருப்பதை முழுதாகத் தள்ளிவிட்டு உட்காரும். கலக்கச் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் அதை எல்லா இடத்துக்கும் பொதுவாகத் திறந்துவிடுவதைவிட, கட்டுகளைப் பிரித்துத் தனித்தனி அளவுருவாக வைப்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. படிப்பவருக்கும் எளிது.

ஆன்சிபிளின் கையேடு முன்னுரிமை வரிசையை 22 படிகளாகச் சொல்கிறது. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 22 படிகளையும் பயன்படுத்தாமலிருக்கக் கற்றுக்கொண்டால் போதும். மூன்று அல்லது நான்கு படிக்கு மேல் ஒரு நிறுவனத்துக்குத் தேவைப்படுவது அரிது. ஒரு கணினிக்குக் கடைசியில் எந்த மதிப்பு போய்ச் சேர்கிறது என்று காட்டும் கட்டளையும் அதில் இருக்கிறது. மாற்றம் செய்யுமுன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

நேர மண்டலத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவே தனிக் கதை. மேகக் கணினி வாடகைக்கு எடுத்தால் அதன் கடிகாரம் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். பேக்கப் இரவு 2 மணிக்கு என்று எழுதிவைத்தால் அது ஈப்போவில் காலை 10 மணிக்கு, அலுவலகம் முழு வேகத்தில் இருக்கும்போது தொடங்கும். கணினி மெதுவாகிறது என்ற புகார் தினமும் 10 மணிக்கு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கூட்டல் 8 என்று எழுதிவிடலாமா? எழுதலாம், ஆனால் ஆசியா/கோலாலம்பூர் என்று பெயரால் எழுதுவதே முறை. இந்த நாட்டின் கடிகாரம் எத்தனை தடவை நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். 1905இல் உலகப் பொது நேரத்தோடு கூட்டல் 7 மணி. 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் ஏழரை ஆக்கினார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், கூட்டல் 9. 1945 செப்டம்பரில் மறுபடி ஏழரை. கடைசியாக, தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர 1982 ஜனவரி 1ஆம் தேதி கூட்டல் 8. அன்றைக்கு முந்திய இரவு 11.30 மணியானதும் கடிகாரம் 12க்குத் தாவியது. தீபகற்பத்தில் 1981ஆம் ஆண்டுக்குக் கடைசி அரை மணி நேரம் கிடையாது. அந்த அரை மணிக்குள் ஒரு நிகழ்வைப் பதிய முயலும் ஸ்கிரிப்ட் இல்லாத நேரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஈப்போவின் தீர்க்கரேகை ஏறக்குறைய 101 பாகை. சூரியனைக் கேட்டால் அது கூட்டல் 6 மணி 44 நிமிடம் என்று சொல்லும். அதனால்தான் இங்கே சராசரியாகப் பகல் 1.16க்கு உச்சி வெயில். 1982 ஜனவரியில் சூரியன் காலை 6.55 அளவில் உதித்துவந்த இடத்தில் 7.25 ஆனது. ரப்பர் மரத்துக்குப் பட்டைக்குள் அழுத்தம் உச்சத்தில் இருப்பது விடியுமுன். அது எந்தச் சட்டத்தையும் பார்த்து மாறவில்லை. கடிகாரம் அரசின் முடிவு, பால் ஓட்டம் மரத்தின் முடிவு.

உலகக் கணினிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம் 2022இல் கோலாலம்பூரைத் தனிப் பதிவாக வைக்காமல் சிங்கப்பூரைச் சுட்டும் இணைப்பாக மாற்றியது. 1970க்குப் பின் இரண்டும் ஒன்றாகவே இருப்பதுதான் காரணம். விண்டோஸில் இந்த மண்டலத்தின் உட்பெயரே சிங்கப்பூர்தான். அதற்காக நம் ஸ்கிரிப்டில் சிங்கப்பூர் என்று எழுத வேண்டியதில்லை. நாளை இரண்டில் ஒரு நாடு தன் கடிகாரத்தை மாற்றினால், பேராக் எந்த அரசின் முடிவைப் பின்பற்றும் என்பது பெயரில் இருக்க வேண்டும். 1982இல் முடிவெடுத்தது கோலாலம்பூர். சிங்கப்பூர்தான் பின்னால் வந்தது.

இதுவரை எந்த மதிப்பை எங்கே வைப்பது என்றே பேசினோம். சில அளவுருக்களுக்கு இயல்பு மதிப்பே இருக்கக் கூடாது. 2015 ஜனவரியில் லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்று சிலருடைய கோப்புகள் அனைத்தையும் அழித்துவிட்டது. தன் கோப்புறையின் இடத்தை ஓர் அளவுருவில் வைத்துக்கொண்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழி என்று ஒரு வரி. சில சூழலில் அந்த அளவுரு வெறுமையாகப் போனது. வெறுமைக்குப் பின் ஒரு சாய்கோடு. கணினியின் மூலத்திலிருந்து எல்லாவற்றையும் அழி என்பதே மிச்சமானது. அந்த வரிக்கு மேல் 'பயமாயிருக்கிறது' என்று எழுதியவரே குறிப்பும் போட்டிருந்தார். ஷெல்லில் மதிப்பு இல்லாவிட்டால் இதை எடுத்துக்கொள் என்றும் எழுதலாம், மதிப்பு இல்லாவிட்டால் நின்றுவிடு என்றும் எழுதலாம். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு குறி. அழிப்பது, அனுப்புவது, பணம் தொடர்பானது ஆகியவற்றில் இரண்டாவதைத்தான் எழுத வேண்டும். முடிவுசெய்ய வேண்டியவர் அந்தக் கணத்தில் விசைப்பலகை முன் உட்கார்ந்திருப்பவர். அவருக்காக நாம் முன்கூட்டி விடை எழுதி வைக்கக் கூடாது.

கடவுச்சொல்லும் அந்த வகை. 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்ததற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஆலையிலேயே வைத்து அனுப்பிய பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்குச் சற்று அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவே. எல்லாப் பொருளுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29ஆம் தேதியிலிருந்து சட்டத்தால் தடுத்திருக்கிறது. நம் ஸ்கிரிப்டுகளில் புதிய ஊழியருக்கெல்லாம் ஒரே தொடக்கக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கிறது, நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் சேர்த்து. ஊழியரே அதை ஊகித்துவிடுவார்.

இவ்வளவு தெரிந்தும் கருவி செய்பவர்கள் தங்கள் மோசமான இயல்பு மதிப்புகளை ஏன் உடனே மாற்றுவதில்லை என்று கேட்கலாம். மாற்றினால் பழைய மதிப்பை நம்பி எதையும் சொல்லாமல் விட்டிருந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஒரே நாளில் வேறுவிதமாக நடக்கும். 2017இன் தொடக்கத்தில் இணையத்தில் திறந்து கிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் பிணைத்தொகை கேட்பவர்கள் கையில் சிக்கின. அந்த ஆண்டின் கடைசியில் வந்த 3.6 பதிப்புதான், சொல்லாமல் விட்டால் உள்ளூர்க் கணினியிலிருந்து மட்டும் இணைப்பை ஏற்பது என்பதை எல்லாருக்கும் இயல்பாக்கியது. மைக்ரோசாஃப்ட் இன்னும் எச்சரிக்கையாக இருந்தது. பவர்ஷெல் 5.1இன் ஆஸ்கியை அது தொடவேயில்லை. 2018 ஜனவரியில் 6.0 என்று தனியாக ஒரு நிரலை வெளியிட்டு, அதில் குறியில்லாத யூடிஎஃப்-8ஐ எங்கும் இயல்பாக வைத்தது. பைத்தான் மொழியும் பல ஆண்டு எச்சரிக்கைக்குப் பிறகு 3.15 பதிப்பில் யூடிஎஃப்-8க்கு மாற நாள் குறித்திருக்கிறது.

ஆனால் விண்டோஸ் 11 வாங்கித் திறந்தாலும் உள்ளே இருப்பது 5.1தான், புதியதை நாமாக நிறுவ வேண்டும். தெலுக் இந்தான் கிளையில் யார் எதை நிறுவினார்கள் என்று ஈப்போவில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. அதனால் குறிமுறையைப் பகிர்ந்த கோப்பில் எழுதுங்கள், பதிப்பு எதுவானாலும். ஸ்கிரிப்ட் தொடங்கியதும் தான் எந்தப் பதிப்பில் ஓடுகிறது, குறிமுறை எது, நேர மண்டலம் எது, அவற்றை எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்று பதிவேட்டில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த நான்கு வரிக்கும் முன்னால் தமிழில் ஊர்ப் பெயரும் இருக்கட்டும். கேள்விக்குறி வந்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், பட்டியல் அழியும்வரை காத்திருக்க வேண்டாம்.